கண்ணையன் வீட்டுச் சுவர்க் கோடு

என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம். நான் கரைப்புதூரின் கிராம நிர்வாக அலுவலர். ஊர்க்காரர்கள் வாயில் ‘வியேவோ அம்மா’. பெயர் லீலாவதி, சொந்த ஊர் குரும்பலூர். கரைப்புதூர் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. அரியலூரிலிருந்து திருமானூர் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். நான் அரியலூரில் வாடகை வீட்டில் இருந்தேன். யார்தான் கிராமத்தில் இருக்கிறார்கள் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொள்வேன்.

அதனால் 2005 கார்த்திகையில் கொள்ளிடம் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த அன்று நான் அங்கே இல்லை. பாதை திறந்த பிறகு, மூன்றாம் நாள்தான் போனேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழத்தெருவுக்குள் நடந்தேன். நாற்பத்து மூன்று வீடு. செத்த ஆடுகளின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மார்பளவு உயரத்தில் வண்டல் படிந்த கோடு, கயிறு பிடித்து அடித்தது போல ஒரே மட்டமாக ஓடியது. கண்ணையன் வீட்டில் பின்சுவர் விழுந்திருந்தது. ஆட்டை அவிழ்த்துவிடப் போன கண்ணையன் அதன் அடியில் அகப்பட்டுச் செத்துப்போயிருந்தான். அவன் மனைவி ராசாத்தி என்னைப் பார்த்து அழவில்லை. “முந்தாநேத்து வந்திருக்கணும் நீங்க” என்று மட்டும் சொன்னாள். நான் நோட்டை விரித்து ‘உயிரிழப்பு ஒன்று’ என்று எழுதிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, மாசியில், ஓர் உத்தரவு வந்தது. வெள்ளம் வரும் ஊர்களை லேசர் கருவியால் அளந்து கம்ப்யூட்டரில் வரைபடம் செய்யப் போகிறார்களாம். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கான அடையாளங்களைக் கிராம நிர்வாக அலுவலர் உடனிருந்து காட்ட வேண்டுமாம். வரைபடத்தில் சிவப்பாக வரும் தெருக்காரர்களுக்கு மேட்டு நிலத்தில் மனை கொடுத்துக் குடியமர்த்துவது பற்றி அரசு முடிவு செய்யும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. என் தலையாரி அரியமுத்துவிடம் அதை வாசித்துக் காட்டினேன். அரை மணி நேரத்தில் அந்தக் கடைசி வரி கீழத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. ‘பற்றி முடிவு செய்யும்’ என்ற வார்த்தைகளை மட்டும் வழியில் எங்கேயோ உதிர்த்துவிட்டார்கள். “செவப்பு வந்தா மேட்டுல மனை” என்பதுதான் தெருவில் போய்ச் சேர்ந்தது.

கரைப்புதூரில் மேடு என்றால் ஒரே மேடுதான். பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் நாலு ஏக்கர், அரசாங்கப் புறம்போக்கு. அதில் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு சாமிதுரை பத்து வருஷமாகக் கடலை போடுகிறார். போர் போட்டு, மோட்டார் வைத்து, சுற்றிலும் வேலியும் அடைத்திருக்கிறார். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் அடங்கல் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. வந்த நாளிலிருந்து நாலு வருஷமும் அந்த நாலு ஏக்கருக்கு நேரே ‘தரிசு’ என்று எழுதினேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அதையேதான் எழுதினார். கடலை பிடுங்கி முடிந்ததும் ஒரு மூட்டை என் வீட்டு வாசலில் வந்து இறங்கும். அதை ஆட்டிய எண்ணெயில்தான் எங்கள் வீட்டுத் தாளிப்பு. இப்போது சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. அப்போது வாசனையாகத்தான் இருந்தது.

லேசர் ஆட்கள் ஒரு புதன்கிழமை காலையில் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் மகேஷ், சென்னைக் கம்பெனி ஒன்றின் எஞ்சினியர், முப்பது வயதிருக்கும். தெரு முனையில் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தி, அதன் மேல் பிரஷர் குக்கர் அளவில் ஒரு கருவியைப் பொருத்தினார். அது தலையை மெல்லச் சுற்றிக்கொண்டே கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும். ஒளி சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் புள்ளிகள். அத்தனை புள்ளிகளும் சேர்ந்து தெருவின் வடிவமாகவே கம்ப்யூட்டரில் வந்து நிற்கும். அளவு சரிபார்க்க வெள்ளைப் பந்துகளைக் கம்பிகளில் செருகி அங்கங்கே நட்டார்கள். “இந்தப் பந்து ஒண்ணு குடுங்க சார், ஆட்டுப் பட்டியில நட்டு வெச்சா நரி வராது” என்று ஒருத்தி கிண்டலடித்தாள்.

“தண்ணி வந்த அடையாளம் எங்க மேடம்?” என்று மகேஷ் கேட்டார்.

நான் பெரிய மனுஷி மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினேன். வெள்ளை. அடுத்த வீடு, அதுவும் வெள்ளை. நீலம் கலந்த சுண்ணாம்பு பளீரென்று கண்ணைக் குத்தியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பொட்டு வண்டல் கிடையாது. தலையில் அடித்துக்கொண்டேன். நடுவில் தை வந்து போயிருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்காமல் யார் இருப்பார்கள்? வெள்ளத்துக்கு எழுதிய கணக்குக் காகிதங்களையெல்லாம் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டிய எனக்கு, அந்தக் கோட்டை ஒரு போட்டோ எடுத்து வைக்கத் தோன்றவில்லை. நாலு எழுத்துப் படித்து என்ன பிரயோசனம்?

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி இடுப்பைத் தொட்டுக் காட்டினாள், ஒருத்தி கழுத்தைக் காட்டினாள்.

“எனக்கு இங்கதான் சார் நின்னுச்சு, வாய்க்குள்ள பூந்துருச்சு.”

“ஏண்டி, நீ இருக்கிற உசரத்துக்குக் குளத்துல எறங்குனாலே வாய்க்குள்ளதான் பூரும்!”

எல்லாரும் சிரித்தார்கள். மகேஷும் சிரித்துவிட்டு, “கையால காட்டுனா மெஷினுக்குத் தெரியாதுங்க. வாய்ச்சொல்லை எடுத்துக்கக் கூடாதுன்னு ஆர்டர். சுவத்துல ஏதாவது இருந்தாத்தான் எழுத முடியும். அடையாளம் இல்லேன்னா தெருவைப் பச்சையாத்தான் காட்டணும்” என்றார்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

“அதெப்புடி?” என்று ஒருத்தி முன்னால் வந்தாள். “மூணு நாளு தண்ணியில கெடந்தவ நான் சொல்றேன், நம்ப மாட்டே. மண்ணுச் சுவரு சொன்னா நம்புவியா? என்னய்யா நாயம் இது?”

மகேஷ் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். அதற்குள் சாமிதுரை வந்துவிட்டார், தும்பைப்பூ மாதிரி வேட்டி சட்டையில், வாயில் பாக்கு. நான் யாரையும் கேட்காமலேயே அரியமுத்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “இந்த வருசம் சுண்ணாம்பு அவுரு குடுத்ததுங்கம்மா. வூட்டுக்கு வூடு. அடிக்கிற மட்டை, நீலப் பொட்டலம் எல்லாஞ் சேத்து.”

அதற்கு முந்தைய எந்த வருஷமும் சாமிதுரை யாருக்கும் ஒரு கரண்டி சுண்ணாம்பு கொடுத்ததில்லை. ஐப்பசியில் பஞ்சாயத்துத் தேர்தல் வர இருந்தது, அது உண்மைதான். ஓட்டுக்காகக் கொடுத்தாரா, கோட்டை அழிக்கக் கொடுத்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மெஷின் வரப்போகிற சேதி தையிலேயே அவர் காதுக்கு எட்டியிருக்கலாம். இரண்டுக்கும் சேர்த்தே கொடுத்திருப்பார், அந்த ஆள் ஒரே செலவில் இரண்டு காரியம் பார்க்கிறவர். “சேத்துச் சுவத்தோட பொங்கல் வெக்கச் சொல்றீங்களா சார்? பாவப்பட்ட சனங்க, ஏதோ நம்மால முடிஞ்சது” என்று மகேஷிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நானும் பதிலுக்குச் சிரித்தேன். நாலு வருஷப் பழக்கம், உதடு தானாக விரிந்துவிட்டது.

கருவியைப் பெட்டிக்குள் வைக்கப் போனார்கள். அப்போதுதான் அரியமுத்து தொண்டையைச் செருமினார்.

“கண்ணையன் வூட்டுல வெள்ளையடிக்கலீங்களே. எழவு வூடுங்களே அது.”

எனக்குச் சுரீரென்று உறைத்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் கிடையாது. வருஷம் திரும்புகிற வரைக்கும் வாசலில் கோலம் போட மாட்டார்கள், சுவரில் சுண்ணாம்பு ஏற்ற மாட்டார்கள். வேகமாக நடந்தோம். தெரு நடுவில், இரண்டு பளீர் வெள்ளை வீடுகளுக்கு இடையில், கண்ணையன் வீட்டு முன்சுவர் அழுக்காக நின்றது. அதில் அந்தக் கோடு அப்படியே இருந்தது. கோட்டுக்குக் கீழே வண்டல் காய்ந்து வெடித்துப் போயிருந்தது.

விழுந்த பின்சுவருக்குப் பதிலாகத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ராசாத்தி அதை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே பத்தாவது படிக்கிற மகள் பானுப்ரியா.

“பொங்கலுக்கு மொத நாளு பிரசிடெண்டு ஆளு வந்து சுண்ணாம்பு வெச்சுட்டுப் போனான்” என்றாள் ராசாத்தி. “நாங்களே அடிச்சுத் தரோம்னு மறுநாளும் வந்தானுவ. செத்த மனுசனுக்கு வருசம் திரும்பாம எவன் மட்டையைத் தொட்டாலும் கையை ஒடிச்சுப்புடுவேன்னு ஏசி அனுப்பிட்டேன்.”

சாமிதுரை தெரு முனையிலேயே நின்றுகொண்டார். பாக்கு மெல்லுவது மட்டும் நின்றிருந்தது.

மகேஷுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கருவியைச் சுவருக்கு எதிரே வைத்துச் சுற்றவிட்டார். “ஒரு வீட்டுல மட்டும் இருந்தாப் போதுமா சார்?” என்று கேட்டேன். “போதும் மேடம். தண்ணி எல்லா எடத்துலயும் ஒரே மட்டமாத்தான் நிக்கும். தெருவோட தரை உயரம் முழுக்க மெஷின்ல ஏறிடுச்சு. இந்த ஒரு கோட்டைப் பிடிச்சு அப்படியே நீட்டுனா நாப்பத்து மூணு வீட்டுலயும் எவ்வளவு நின்னுச்சுன்னு வந்துடும்” என்றார்.

ஜீப்பின் முன்பக்கத்தில் மடிக்கணினியை வைத்துத் திறந்து காட்டினார். கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாகக் கண்ணையன் வீடு. கதவு, நிலை, விறகு அடுக்கு, சாத்தி வைத்த சைக்கிள் எல்லாம் அதில் இருந்தன. வண்டல் பிடித்த இடம் ஒரு நிறம், மேலே வேறு நிறம். இரண்டுக்கும் நடுவே கோடு தெளிவாகத் தெரிந்தது. பானுப்ரியா எட்டிப் பார்த்து, “ஒன்று புள்ளி மூன்று எட்டு மீட்டர்” என்று வாசித்தாள்.

ராசாத்தி திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுல அவுரு கெடந்த எடம் தெரியுதுங்களா?” என்று கேட்டாள்.

மகேஷ் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தார். அவளே விட்டுவிட்டு, “எங்களுக்கு மேட்டுல எடம் கெடைச்சுருமா தம்பி? பொம்பளப் புள்ளைய வெச்சுக்கிட்டு இன்னொரு மழையை இந்தத் தார்ப்பாய்க்குள்ள பாக்க முடியாது” என்றாள்.

“செவப்பு வரும்மா, கண்டிப்பா வரும். மத்ததெல்லாம் ஆபீஸ் கையில” என்றார் மகேஷ். அவள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணையன் செத்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரமே தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு கடிதம். சிவப்பு வரக்கூடிய தெருவுக்கு மாற்று மனை கொடுக்க ஊரில் மேட்டுப் புறம்போக்கு உண்டா, குடியிருப்புக்கு ஏற்றதா என்று சான்று அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். கடிதத்தை நான் பிரித்துக்கொண்டிருக்கும்போதே சாமிதுரை வந்து எதிரே உட்கார்ந்தார். அந்த ஆளுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ.

“என்ன எழுதப் போறீங்க?”

“தரிசுன்னுதானே இருக்கு. காலி எடம்னு ஆவுது. வேற என்னத்தை எழுத?”

“காலி எடம்னு எழுதுனா அளக்க வருவானுவ. வந்து பாத்தா கடல நிக்கும். எத்தினி வருசமா நிக்குதுன்னு கேப்பானுவ. அடங்கல எடுத்துப் பாப்பானுவ.” ஒரு விரலால் என் மேசையைத் தட்டினார். “யாரு கையெழுத்தும்மா அதுல? எனக்கு வேலியோட போயிரும். உங்களுக்கு வேலையே போயிரும். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

குரலை ஒரு தரம்கூட உயர்த்தவில்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னார், பாவி. எனக்கு ஸ்கூலில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், வேலை நிரந்தரமில்லாத புருஷன். ராசாத்திக்கும் பிள்ளை இருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்க, அன்றைக்கு மேசையிலிருந்த மற்ற எல்லாக் காகிதங்களையும் முதலில் முடித்தேன். கடைசியில் பேனாவை எடுத்து எழுதினேன்: ‘மேற்படி நிலம் கல்லாங்குத்து. குடியிருப்புக்கு ஏற்றதல்ல.’ வருஷத்துக்கு இரண்டு தரம் கடலை விளைகிற மண்ணைக் கல்லாங்குத்து என்று எழுதினேன். முத்திரையும் குத்தினேன். அந்த ஆள் எழுந்து போகும்போது “வூட்டுல எண்ணெய் இருக்குதுங்களா?” என்று கேட்டார். தூ! அவரைப் பார்த்து மட்டும் துப்பவில்லை நான்.

வைகாசியில், அப்போது எங்கள் ஜில்லாத் தலைநகராக இருந்த பெரம்பலூரில் மீட்டிங். ஏசி ஹால், மேசைக்கு மேசை தண்ணீர் பாட்டில். மகேஷ் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் வரைபடத்தைப் போட்டார். கரைப்புதூர் வந்தது. கீழத்தெரு முழுக்க, நாற்பத்து மூன்று வீடும், ரத்தச் சிவப்பு. ஒவ்வொரு வீட்டுத் தரையும் எவ்வளவு தாழ்வு என்று அங்குலச் சுத்தமாக இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். மீட்டிங்கை நடத்திய பெரிய சார் எழுந்து, “ரொம்ப அருமையான வேலை” என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் சான்றை எடுத்து வாசித்தார். “மேட்டு நிலம் எதுவும் ஏற்றதில்லைன்னு வியேவோ சான்று இருக்கு. அதனால குடியமர்த்தறது இப்போதைக்கு இல்லை. ஆனா செவப்புன்னு தெரிஞ்ச பிறகு அங்க அரசுப் பணத்துல ஒரு செங்கல் வைக்கக் கூடாது. நாளைக்கு இடிஞ்சு விழுந்தா யார் பதில் சொல்றது?”

அதற்கும் தலையாட்டினார்கள். வெள்ளம் வருமென்று அங்குலச் சுத்தமாகத் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டு, எடுத்த முடிவு இது. அங்கேயே கிடக்கட்டும், ஆனால் வீடு கட்டித் தர மாட்டோம்.

டீ நேரத்தில் மகேஷ் என் பக்கத்தில் வந்தார். “மேடம், அந்தப் புறம்போக்குலயும் நான் மெஷின் வெச்சேனே. கடலைப் பாத்தி வரிசை வரிசையா டேட்டாவுல இருக்கு. கல்லு எங்க இருக்கு?”

“அதை அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாமே சார்?”

“எங்க கம்பெனிக்குத் தண்ணி மட்டம் மட்டும்தான் மேடம் வேலை. நெலம் யாருதுன்னு பேசுனா அடுத்த ஜில்லா வேலை கெடைக்காது” என்று குரலைத் தாழ்த்தினார். “நீங்களாவது சொல்லியிருக்கலாமே?”

யாரோ மிக்சர் தட்டை நீட்டினார்கள். எடுத்துக்கொண்டேன். மென்று முழுங்கவும் செய்தேன்.

ஆவணியில், அரசு கட்டித் தரும் தொகுப்பு வீட்டுப் பட்டியல் வந்தது. சுவர் விழுந்த வீடு என்பதால் ராசாத்தியின் பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்திருக்கிறது. அதன் மேல் கோடு கிழித்து, ஓரத்தில் ‘சிவப்புப் பகுதி’ என்று குறித்திருந்தார்கள். அதே பட்டியலில், வெள்ளம் எட்டிக்கூடப் பார்க்காத மேலத்தெருவில் ஆறு பேருக்கு வீடு. நான் அதை ராசாத்தியிடம் போய்ச் சொல்லவில்லை. அரியமுத்துவை அனுப்பினேன்.

புரட்டாசிக் கடைசியில், வானம் மூட்டம் போட்டிருந்த ஒரு காலையில், அவளே என் ஆபீஸுக்கு வந்தாள். கையில் ஒரு மனு. முழங்கை வரைக்கும் வெள்ளைத் தெறிப்பு. விரல் நகங்களிலும் சுண்ணாம்பு.

“யூனியன் ஆபீசுல போயி கேட்டேன்மா” என்றாள். “செவப்புக்குள்ள இருந்தா வூடு கெடையாதாம். என் வூட்டுக்குள்ள மட்டும் தண்ணி வரலைன்னு வியேவோ எழுதிக் குடுத்தா, என் பேரைத் திரும்பச் சேப்பாங்களாம். அங்க இருக்குற கிளார்க்குதான் இந்த மனுவை எழுதிக் குடுத்தாரு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

நான் மனுவை வாங்கவில்லை. “தண்ணி வரலைன்னா? உன் சுவத்துல கோடு இருக்கே ராசாத்தி.”

“இல்லம்மா. இன்னிக்குக் கருக்கல்ல எழுந்து நானே சுண்ணாம்பு அடிச்சுட்டேன்.”

“வருஷம் திரும்பலையே.”

“ஒரு மாசம்தானே. அவுரு கோவிச்சுக்க மாட்டாரு.” மனுவை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினாள்.

“அப்ப கண்ணையன் எப்படிச் செத்தான்னு கேட்டா?”

“பழைய சுவரு, மழையில ஊறி விழுந்துச்சுன்னு எழுதிக்குங்க. மழை பேஞ்சது நெசந்தானே?”

எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை, என் மேல்தான். அந்த வேகத்தில், பெரிய யோக்கியச் சிகாமணி மாதிரி, “நீ இதைக் குடுக்காதே. நான் அந்தப் புறம்போக்கைப் பத்தி எழுதறேன். உண்மையை எழுதறேன். மேட்டுலயே உனக்கு எடம் வரும்” என்று சொல்லிவிட்டேன்.

ராசாத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில், அதுதான் என்னைக் கொன்றது.

“அங்க கடல ஆயறதுக்கு வருசா வருசம் நானுந்தானேம்மா கூலிக்குப் போறேன்” என்றாள். “உங்க வூட்டுக்குப் போவுற மூட்டையைத் தச்சுக் கட்டுறதும் நாங்கதான். நாலு வருசமா எழுதாததையா இப்ப எழுதப் போறீங்க? எழுதுனா மட்டும், கோர்ட்டுக்குப் போவாரு, பத்து வருசம் இழுக்கும். அடுத்த மாசம் மழை வந்துரும். நாலு சுவரு இருந்தாக்கா புள்ளைய உள்ள வெச்சுக் கதவைச் சாத்திக்குவேன். கையெழுத்தைப் போடுங்க.”

“அந்தத் தாழ்வுலயே கட்டினா மறுபடியும் தண்ணி வரும் ராசாத்தி. கோடு போய்ட்டா தண்ணி வராம இருக்காது.”

“எனக்குத் தெரியாதாம்மா?” என்றாள்.

மனுவை வாங்கி மேசையில் விரித்தேன். சாமிதுரையிடம் பயந்து பொய் எழுதினேன். அன்றைக்கு ராசாத்திக்கு முன்னால் வெட்கப்பட்டுப் பொய் எழுதினேன். ‘மேற்படி வீட்டினுள் வெள்ள நீர் புகவில்லை என நேரில் விசாரித்து அறிந்து சான்றளிக்கிறேன்.’ அவள் தாளை வாங்கி, ஈரம் படாமல் மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். “நல்லாயிருங்கம்மா” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடுக்குப் பதில் அவள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

தேர்தலில் சாமிதுரையே மறுபடியும் வந்தார். கார்த்திகையில் மகேஷ் போன் செய்தார். அரியலூர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“மேடம், கீழத்தெருவுல ஒரு வீட்டை மட்டும் பச்சையாக்கணும்னு ஆபீசுல சொல்றாங்க. நம்பரைப் பாத்தா அந்தக் கண்ணையன் வீடு. அந்த வீட்டுக் கோட்டை வெச்சுத்தான் மத்த நாப்பத்திரெண்டையும் செவப்பாக்கினேன். அதை எப்படி மேடம் பச்சையாக்க முடியும்? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“சொன்னபடி செய்யுங்க சார்.”

“சர்டிபிகேட்டு உங்களோடதுதானா? கையெழுத்து உங்க மாதிரிதான் இருக்கு.”

“ஆமா.”

“சரிங்க மேடம். ரெண்டு நிமிஷ வேலைதான்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

2007 தை கடைசியில் வரைபடம் அச்சாகி வந்தது. ஊர் ஊருக்கு ஒன்று அனுப்பி, பஞ்சாயத்து ஆபீஸில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டச் சொல்லியிருந்தார்கள். கரைப்புதூரில் சாமிதுரையின் மேசைக்குப் பின்னால் அதை மாட்டினார்கள். திட்டம் எப்படி நடந்தது என்று பார்க்க வெளி மாநிலத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். சாமிதுரை மாலை போட்டு இளநீர் கொடுத்தார். விளக்கம் சொல்ல என்னை நிறுத்தினார்கள். அந்த அதிகாரிகளில் ஒருவருக்குத் தமிழ் தெரியும். சிவந்து கிடந்த கீழத்தெருவின் நடுவில், தீப்பெட்டி அளவுகூட இல்லாத அந்தப் பச்சைச் சதுரத்தின் மேல் விரலை வைத்தார்.

“அட, இது ஆச்சரியமா இருக்கே. சுத்தி எல்லாம் முழுகியிருக்கு. இந்த ஒரு வீடு மட்டும் மேட்டுல இருக்கா மேடம்?”

கீழத்தெருவில் உயிர் போன ஒரே வீடு அது.

“ஆமாங்க சார்” என்றேன்.